ரோஸ் கலர் சுருளும் நம்ம கரண்டைக் காலும்

(என் கருத்து)



வழக்கமாக இந்த இடத்தில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்றுதான் எழுதுவோம். அதெல்லாம் ரொம்ப முக்கியம்தான். ஆனால் இந்த முறை நம்ம காலைப் பற்றி எழுதப் போகிறேன். குறுவட்டப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிற நேரம் என்பதால் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாக நின்று படியுங்கள்.

விளையாட்டுப் பீரியடில் நம்ம பெண்கள் தலையில் ரோஸ் கலரில் ஒரு பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ரிப்பன் இல்லை. நம்ம ஊரில் பாதி வீட்டில் யாராவது சபரில் இருக்கிறார்கள். அப்படி ஒரு தோழியின் மாமா துபாயில் இருந்து வரும்போது சாக்லேட், கோடாலி தைலத்தோடு இந்தச் சுருளையும் கொண்டு வந்தார். அதன் பெயர் ப்ரீ ராப். தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். மெல்லிய நுரைத் தாள்தான். பசை கிடையாது. ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்றுப் பட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். கையாலேயே கிழிக்கலாம், கத்தரிக்கோல் வேண்டாம்.

இது எதற்கு என்று கேட்டால், விளையாட்டு வீரர்கள் காலில் ஒட்டுகிற டேப் இருக்கிறது இல்லையா, அதைப் பிய்க்கும்போது தோலும் முடியும் சேர்ந்து வரும். உயிர் போகும். அதனால் முதலில் இதை ஒரு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் டேப் ஒட்டுவார்கள். அவ்வளவுதான் இதன் வேலை. இது டேப்புக்கு உள்பாவாடை மாதிரி என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் சொன்னது சரிதான்.

தலையில் கட்டுவது நாம் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க கால்பந்து வீராங்கனை அலெக்ஸ் மார்கன் ஆடிய காலம் முழுக்க ரோஸ் கலர் ப்ரீ ராப்பைத்தான் தலையில் பட்டையாகக் கட்டியிருந்தார். 2015லும் 2019லும் உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தவர் அவர். அவரைப் பார்த்து உலகத்தில் எத்தனையோ பெண் பிள்ளைகள் கட்ட ஆரம்பித்தார்கள்.

நம்ம பிள்ளைகளின் மூளையையும் சும்மா சொல்லக் கூடாது. ஒரு சுருளை வைத்து என்னென்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

1. முன்நெற்றி முடி கண்ணில் விழாமல் இருக்கத் தலைப்பட்டை.

2. மக்கனா போட்டு ஆடுகிற தோழிகள் ஊக்குக் குத்தாமல், அதன் மேலே இதை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார்கள். கபடியில் ஊக்கு கழன்றால் தனக்கும் ஆபத்து, பிடிக்க வருகிறவளுக்கும் ஆபத்து. தலையை மூடிக்கொண்டு ஆடக் கால்பந்தில் 2014லும் கூடைப்பந்தில் 2017லும் உலக அளவிலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதனால் யாரும் வெட்கப்பட வேண்டாம்.

3. வழுக்கி இறங்கும் சாக்ஸை நிறுத்துவதற்கு.

4. ஐஸ் பொட்டலத்தைக் காலோடு சேர்த்துப் பிடித்து வைப்பதற்கு.

5. பந்து பட்டு வீங்கிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுவதற்கு.

6. பேட் கைப்பிடி, சைக்கிள் ஹாண்டில்பார், ஏன் பரீட்சை நேரத்தில் பேனாவுக்குக் கூட.

இந்த ஆறுக்கும் நான் கை தட்டுகிறேன். எனக்குப் பிடிக்காதது ஏழாவது ஒன்று. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

ஏழாவது என்னவென்றால், வலியை மறைப்பதற்குச் சுற்றிக்கொள்வது.

எங்கள் அணியில் ஓர் அக்கா கரண்டை பிசகியதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் ஆடினார். முதல் நாள் சுருளைச் சுற்றினார். அது தீர்ந்ததும் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினார். மேலே சாக்ஸ் போட்டால் தெரியாது. வீட்டில் நொண்டாமல் நடக்கப் பழகியிருந்தார் என்று பிறகு சொன்னார். நினைத்துப் பாருங்கள், ஓடப் பழகுவது போல வலிக்காத மாதிரி நடக்கப் பழகியிருக்கிறார்!

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அந்த அக்கா சொன்ன பதில் இதுதான்: "சொன்னா அத்தோட முடிஞ்சிடும்."

இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி கால் உடைந்து வந்தால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "ஆம்பளப் புள்ள, விளையாடினா அடிபடத்தான் செய்யும், சரியாயிடும்." அதே வீட்டில் அக்கா நொண்டிக்கொண்டு வந்தால்? "போதும்டி விளையாண்டது. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும், காலை ஒடச்சிக்கிட்டு நின்னா யாரு பதில் சொல்றது?" அடிபட்ட தம்பிக்கு ஒரு வாரம் ஓய்வு. அடிபட்ட அக்காவுக்கு வாழ்நாள் ஓய்வு. இப்படி இருந்தால் யார் வலியைச் சொல்வார்கள்? நான் ஒன்றும் பெற்றோரைத் திட்டவில்லை. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தால் காயம் குறையவில்லை, சொல்வதுதான் குறைந்திருக்கிறது.

சரி, மறைத்து ஆடினால் என்ன ஆகும்? "சின்ன சுளுக்குதானே, தானா போயிடும்" என்று நினைக்கிறோம். இங்கேதான் நமக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

நம்ம வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்பின் இரண்டு நுனிப் பக்கத்திலும் வாழைக்குருத்து மாதிரி மென்மையான ஒரு பகுதி உண்டு. அதை வளர்ச்சித் தட்டு என்பார்கள். அங்கே இருந்துதான் எலும்பு நீளமாகிறது. பெண்களுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் அது கெட்டியாகி மூடிவிடும். அதுவரைக்கும் எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற ஜவ்வைவிட இந்தக் குருத்துதான் பலவீனமானது. பெரியவர்களுக்குக் கால் மடங்கினால் ஜவ்வு இழுபடும். நமக்கு அதே மாதிரி மடங்கினால் குருத்து உடைந்திருக்கலாம். வெளியில் பார்க்க இரண்டும் ஒரே வீக்கம்தான். உடைந்தது தெரியாமல் விட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளர வாய்ப்பு உண்டு. அதனால்தான் "நீவி விட்டா சரியாயிடும்" என்பதை முதல் நாளே செய்யக் கூடாது. நீவி விடுகிற பாட்டிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கைக்கு மருந்து உண்டு. ஆனால் உடைந்த இடத்தை நீவினால் என்ன ஆகும்? அதேபோல மஞ்சள், உப்பு, புளி காய்ச்சிச் சூடாகப் பத்துப் போடுவதையும் வீங்கிய அன்றைக்கே செய்ய வேண்டாம். சூடு பட்டால் வீக்கம் அதிகமாகும்.

இன்னொரு விஷயம், இறுக்கம். ஆடும்போது தாங்க வேண்டும் என்று நாம் எல்லோரும் இறுக்கித்தான் கட்டுகிறோம். 2022 நவம்பரில் சென்னையில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 17 வயது கால்பந்து வீராங்கனை, கல்லூரியில் முதல் ஆண்டு. முட்டி ஜவ்வு கிழிந்ததற்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் பாதித்தது என்று சுகாதாரத் துறை அமைச்சரே அப்போது சொன்னார். காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15ஆம் தேதி அந்த அக்கா இறந்துவிட்டார். அது மருத்துவமனையில் நடந்தது, நாம் சுற்றுகிற துப்பட்டா கட்டு வேறு. ஆனால் ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. யார் கட்டினாலும் கட்டு இறுகினால் ரத்தம் போகாது.

ஆகவே கட்டுப் போட்டதும் கால் விரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் ஜில்லென்று ஆனாலோ, மரத்துப் போனாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். கட்டோடு "விண் விண்" என்று வலி ஏறிக்கொண்டே போனாலும் அவிழ்க்க வேண்டும். இறுக்கிக் கட்டிய கட்டோடு தூங்கவே கூடாது.

இப்போது ஒருத்தி கேட்பாள், எனக்குத் தெரியும். "பி.வி.சிந்து கட்டுப் போட்டுக்கிட்டு ஆடித்தானே தங்கம் வாங்குனாங்க?" உண்மைதான். 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இடது கணுக்காலில் கட்டோடு ஆடித்தான் தங்கம் வென்றார். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைக்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கணுக்கால் எலும்பில் மெல்லிய விரிசல் இருந்தது. அதனால் அதே மாதம் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு அவர் போகவில்லை. மறுபடி ஆட வந்தது 2023 ஜனவரியில். கிட்டத்தட்ட ஐந்து மாதம்! அவருக்கு அப்போது வயது 27. எலும்பு முழுதாக வளர்ந்தவர். கூடவே மருத்துவர் உண்டு, பிசியோ உண்டு. வலியை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. நமக்கு வயது 14. கூட இருப்பது ஒரு சுருளும் ஒரு சாக்ஸும். நாம் சிந்துவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஐந்து மாதம் உட்கார்ந்ததையும் சேர்த்துத்தான். உட்கார்ந்ததால் யாரும் அவரை அணியை விட்டுத் துரத்தவில்லையே!

அடுத்து, நம்ம மைதானத்தில் அடிக்கடி வருகிற காயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிந்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கரண்டை பிசகுதல்: பல விளையாட்டிலும் இது அதிகம். பாதம் உள்பக்கமாக மடங்கி வெளிப்பக்க ஜவ்வு இழுபடும். உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். காலைத் தூக்கி வைக்க வேண்டும். சர்பத் கடையிலோ மீன் கடையிலோ ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, புண்ணாகிவிடும். பிறகு கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்தில் ஆரம்பித்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கரண்டை எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஆத்துக்கு அந்தப் பக்கம் திட்டக்குடி இருக்கிறது, இந்தப் பக்கம் பெரம்பலூர் இருக்கிறது. பஸ் ஏறுவதில் தயக்கம் வேண்டாம்.

முட்டிக்குக் கீழே புடைப்பு: வேகமாக வளர்கிற வயதில் நிறைய ஓடிக் குதிக்கிறவர்களுக்கு வரும். மண்டி போட்டால் வலிக்கும். பயப்பட வேண்டாம், வளர்ந்து முடிந்ததும் வலி பெரும்பாலும் போய்விடும். ஆனால் குதிப்பதைக் குறைக்க வேண்டும்.

குதிங்கால் வலி: 8 வயதில் இருந்து 15 வயது வரை இருக்கிற பிள்ளைகளுக்கு வரும். இதுவும் குருத்துச் சமாச்சாரம்தான். தேய்ந்த செருப்பில் ஓடுவதும், வெறுங்காலில் கட்டாந்தரையில் குதிப்பதும் இதைக் கூட்டும்.

முட்டி ஜவ்வு கிழிதல்: ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் நடக்கும். "டப்" என்று சத்தம் கேட்டு முட்டி வீங்கினால் இதுவாக இருக்கலாம். ஒரே விளையாட்டை ஆடினாலும் பையன்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மடங்குக்கும் அதிகமாக வருகிறது. ஆகவே இது நம்ம பிரச்சினை.

தலையில் அடி: கபடியில் மோதிக்கொண்டால் "தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறோம். அது தவறு. தலை சுற்றினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, நடந்தது மறந்தாலோ அன்றைக்கு மறுபடி ஆடவே கூடாது. வாந்தி வந்தாலோ மயங்கினாலோ 108க்குப் போன் செய்ய வேண்டும்.

இதில் எதற்காவது ரோஸ் கலர் சுருள் மருந்தா? ஒன்றுக்கும் இல்லை. பாருங்கள், அது கட்டே இல்லை. இழுத்தால் பஞ்சு மாதிரி வந்துவிடும். மேலே ஒட்டுகிற டேப்புக்குத்தான் பலம். நாலைந்து சுற்று தடிமனாகச் சுற்றினால் அந்த டேப்பும் பிடிக்காமல் வழுக்கும். ஆக, வெறும் சுருளைச் சுற்றிக்கொண்டு "இப்பத் தாங்கும்" என்று ஆடுவது காகிதக் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் போவது மாதிரிதான்.

உண்மையில் தாங்குவது எது தெரியுமா? காசே இல்லாத ஒன்று, உடம்பைத் தயார் செய்வது. கால்பந்துக்காக 11 பிளஸ் என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது. மெதுவாக ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, உட்கார்ந்து எழுவது, முட்டி உள்ளே மடங்காமல் குதித்து இறங்குவது என்று மொத்தம் 20 நிமிடம்தான். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரை உள்ள பெண்கள் 1892 பேரை வைத்து இதைச் சோதித்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த பிள்ளைகளுக்குப் பெரிய காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நம்ம வயதுப் பிள்ளைகள்! நாம் என்ன செய்கிறோம்? மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகக் கோட்டுக்கு ஓடுகிறோம். பீரியடே 40 நிமிடம், அதில் 20 போனால் எப்போது ஆடுவது என்று கேட்பீர்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் போதும்.

ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் இப்போதே தொடங்கலாம். இந்தத் தாளைப் படிக்கும்போதே ஒரு காலைத் தூக்குங்கள். முப்பது எண்ணுங்கள். பிறகு மற்றக் கால். ஒரு தடவை பிசகிய கரண்டை மறுபடி பிசகாமல் இருக்க இது ரொம்ப நல்லது. யாராவது சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள். இனிமேல் நம்ம சுவர் இதழைக் கொக்கு மாதிரி நின்றுதான் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் குழுவுக்கு ஒரு யோசனை வைக்கிறேன்.

கடைசியாக, என் கோரிக்கைகள்.

பள்ளிக்கும் பயிற்சி தருகிறவர்களுக்கும்: அடிபட்டதைச் சொன்ன மாணவியின் இடம் பறிபோகாது என்று எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்லுங்கள். அவள் உட்கார்ந்திருக்கும் நாட்களில் ஸ்கோர் எழுதட்டும், விசில் ஊதட்டும், தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அணியில் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பிசகிய காலால் வலியில்லாமல் பத்துத் தடவை குதித்துக் காட்டினால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைக்கலாம். ஒரு முதலுதவிப் பெட்டியும் மைதானத்தில் வேண்டும். ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி வைத்த பெட்டி எதற்கு?

பெற்றோருக்கு: அம்மாக்களே, அத்தாக்களே, அப்பாக்களே! "விளையாடாதே" என்று சொல்வதற்கு முன்னால் "எங்க வலிக்குது?" என்று கேளுங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் நம்ம நாட்டுப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள். அந்த அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அவரும் ஒரு வீட்டுப் பெண்தான். விழுந்து எழாமல் யாரும் கபடி கற்றுக்கொள்ள முடியாது. விழுந்ததும் அவர் வீட்டில் நிறுத்தியிருந்தால் நமக்கு அந்தத் தங்கம் ஏது?

தோழிகளுக்கு: பக்கத்தில் ஆடுகிறவள் நொண்டினால் மறைக்க உதவி செய்யாதீர்கள். சுருளைக் கிழித்துக் கொடுப்பது நட்பு மாதிரித் தெரியும். அவளைக் கைத்தாங்கலாக டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போவதுதான் நட்பு.

தலையில் கட்டுங்கள், சாக்ஸில் கட்டுங்கள், பேனாவில் கட்டுங்கள், அழகாகத்தான் இருக்கிறது. வலிக்கு மேல் மட்டும் கட்டாதீர்கள். வலி என்பது உடம்பு நமக்கு எழுதுகிற கடிதம். அதைப் பிரித்துப் படிக்க வேண்டும், ரோஸ் கலர் தாள் சுற்றி மூடி வைக்கக் கூடாது.

வலித்தால் சொல்வோம்! ஆறிய பின் வெல்வோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, கபடி அணி,
லப்பைக்குடிக்காடு.